முருகன் அட்டைக்குள் ஒரு கப்பல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நம் பெரியவர்கள் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் திருப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். மறைந்தவர் நாள்தோறும் படித்து வந்த பக்திப் பாடல்களை அங்கே அச்சிடுவது நம் குடும்ப வழக்கம். தாத்தாவின் மலரிலும் அப்பாவின் மலரிலும் அப்படித்தான் செய்தோம். அம்மாவின் மலரில் அந்த இடத்தில் பாடல்கள் இல்லை. அச்சகத்தார் விட்டுவிடவில்லை, வேண்டாம் என்று சொன்னது நான்தான். அங்கே ஒரு கப்பல் கதையின் முடிவு இருக்கிறது. அம்மா நாள்தோறும் படித்தவை அந்த வகைக் கதைகளே.

இப்படி எழுதலாமா என்று என் கணவரிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "உங்க அம்மாவப் பத்தி நீ எழுதுறதுக்கு நான் என்ன சொல்றது" என்றார். என் மாமியார் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்ற நினைவு வரும்போதெல்லாம் எழுதியதை அழித்தேன். பிறகு திரும்பவும் எழுதினேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள். அம்மாவின் முகம் அவளுக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். வளர்ந்த பிறகு ஆச்சியைத் தெரிந்துகொள்ள அவள் கையில் இருக்கப்போவது இந்த மலர் மட்டுமே. இதில் அவள் வேறு யாரையோ சந்தித்துவிடக் கூடாது. அதனால் அழிப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மா அருப்புக்கோட்டையில், நூற்பாலைக் கணக்கர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். குடிக்கத் தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் அது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு வாடகை நூலகம் இருந்ததாம். அங்கேதான் அம்மாவுக்குக் கடல் கிடைத்தது. சோழர் காலத்து மரக்கலங்கள், பாய்மரம், புயல், கொள்ளையர், மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் இளவரசன், அவனைக் கண்டுபிடிக்கும் பெண் என்று அடுக்கடுக்காகக் கதைகள். ராஜா காலம், கப்பல், காதல் ஆகிய மூன்றும் ஒரே புத்தகத்தில் வேண்டும் அம்மாவுக்கு. அரண்மனையிலேயே நடக்கும் கதைகளை, "உக்காந்த எடத்துலயே சதி பண்ணிக்கிட்டு இருப்பாக" என்று தள்ளிவிடுவார்.

அந்த நூலகத்தில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த புத்தகத்துக்கு மேலட்டை கிடையாது. முதல் பக்கங்களும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. பலர் கைக்குப் போய் உதிர்ந்திருந்தன. கதையின் பெயரோ எழுதியவர் பெயரோ அதில் எங்கும் இல்லை. நாயகி ஒரு மரக்கலத் தலைவனின் மகள். தந்தை கடலில் இறந்ததும் அவளே கப்பலை நடத்துகிறாள். தன் கப்பலில் ஒளிந்து வந்த பாண்டிய இளவரசனை அவள் காப்பாற்றுகிறாள். இருவருக்கும் காதல் வருகிறது. கடைசியில் கப்பல் துறைமுகத்தை நெருங்குகிறது. கரையில் இறங்கி என் அரசியாக வா என்று இளவரசன் அழைக்கிறான். அவள் நங்கூரக் கயிற்றின் மேல் கை வைக்கிறாள். அதோடு பக்கங்கள் முடிந்துபோயின.

அம்மாவுக்குத் திருமணம் முடிவானபோது, முன்னும் பின்னும் போன அந்தப் புத்தகத்தை இனி வாடகைக்கு விட முடியாது என்று கடைக்காரர் அம்மாவுக்கே கொடுத்துவிட்டாராம். கல்யாணப் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் அது தில்லிக்கு வந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் மத்திய அரசு ஊழியர்கள். ஆர்.கே.புரத்தில் பெரியப்பாவுக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பில் இரண்டு குடும்பங்களும் ஒன்றாக இருந்தோம். பழைய ஆண்டின் காலண்டர் படங்களை அம்மா எடுத்து வைத்துக்கொண்டு, தம் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டார். நம் வீட்டுக்கு வரும் காலண்டர்களில் என்ன படம் இருக்கும்? முருகன், மீனாட்சி, பிள்ளையார். அந்தியில் விளக்கேற்றிய பிறகு பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் அமர்ந்து அம்மா படிப்பார். வீட்டில் நல்ல பல்பு அங்கேதான் இருந்தது. பெரியம்மா மற்றவர்களிடம், "சாமி புத்தகம் படிச்சிக்கிட்டு இருக்கா, கூப்பிடாதீக" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் யாரும் அம்மாவிடம் காப்பி கேட்க மாட்டார்கள்.

அம்மா பெரிய பக்திமான், பாராயணம் தவறாதவர் என்று உறவினர் அனைவரும் நம்பியது இப்படித்தான். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். வயது வந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாரையும் இப்படி ஏமாத்தலாமா நீ?"

"யார ஏமாத்துனேன்? காலண்டர் தாளு கனமான தாளு, சீக்கிரம் கிழியாது. அதப் போட்டேன். இது என்ன புத்தகம்னு ஒருத்தராச்சும் ஒரு நா கேட்டாகளா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பியா?"

"படிச்சே காட்டியிருப்பேன்."

அம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார். மலைமந்திர் முருகன் கோயிலுக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கடவுளிடம் நேராகப் பேசிக்கொள்ளலாம், அதற்குப் புத்தகம் வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

நான் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது அப்பா மாரடைப்பால் காலமானார். காரியங்கள் முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசி, அம்மாவும் நானும் ஊருக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள் என்பதை இன்று ஒரு தாயாக நான் ஒப்புக்கொள்கிறேன். ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. பெரியப்பா அதை அம்மாவிடம் நீட்டியபோது நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"நான் போகல அத்தான்."

"இங்க ஒத்தப் பொம்பளயா என்னம்மா செய்வ? இந்தி தெரியுமா ஒனக்கு?"

"கத்துக்கிறேன். அவுக வேலைய எனக்குத் தாராகளாம். ஆபீஸ்லருந்து வந்து சொல்லிட்டுப் போனாக."

"புள்ளைய யாரு பாப்பா?"

"எம் புள்ளைய நான் பாக்காம யாரு பாப்பா?"

கருணை அடிப்படையில் அம்மாவுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. தட்டச்சு பழகினார், இந்தி பழகினார். ஆண்கள் நிறைந்த பிரிவில் முதலில் அவரை யாரும் மதிக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பிரிவில் எந்தக் கோப்பு எங்கே சிக்கியிருக்கிறது என்று கேட்க அம்மாவிடம்தான் வந்தார்கள். பிறகு கடன் வாங்கி மயூர் விஹாரில் ஒரு சிறிய ஃபிளாட் வாங்கினார். மந்திர் மார்க்கில் உள்ள தமிழ்ப் பள்ளியில் என்னைப் படிக்க வைத்தார். ஆங்கிலப் பள்ளியில் சேர்க்காததற்குச் சொந்தங்கள் அவரைக் குறை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தில்லியில் பிறந்த நான் இன்று இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன் என்றால், அதற்குப் பள்ளி பாதிக் காரணம். சமையலறையில் அம்மா சப்பாத்தி தேய்க்கும்போது, நான் நின்றுகொண்டு உரக்கப் படித்த புயல்களும் கடற்போர்களும் மீதிக் காரணம். வாசிப்பில் தடுமாறினால், "ஜல்தி ஜல்தி, கப்பல் முங்கிரும்" என்பார்.

தில்லியில் தமிழ்ப் புத்தகம் தேடுவது எளிதல்ல. அதிலும் இப்படி ஒரு வகைக்காக அலைவது இன்னும் கடினம். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆங்கிலப் புத்தகக் குவியலுக்கு அடியில் அம்மா கைவிட்டுத் துழாவுவார். மாற்றலாகிப் போகும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்கு விடைபெறப் போவதுபோல் போய், எதைப் பழைய பேப்பருக்குப் போடுகிறார்கள் என்று பார்த்து வருவார். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு ரத்திக் கடை இருக்கிறது. பழைய பேப்பர் வாங்கும் அந்த பையாவுக்குத் தென்னாட்டு எழுத்து எல்லாமே ஒன்றுதான். வட்ட வட்டமாக எழுத்து தெரிந்தால் அம்மாவுக்கென்று எடுத்து வைத்துவிடுவார். அம்மா அலுவலகம் முடிந்து மெட்ரோவிலிருந்து இறங்கி வரும்போது ஜலேபி வந்துவிட்டது என்று தெருவே கேட்கக் குரல் கொடுப்பார்.

"அம்மாஜி, ஆப்கா ஜலேபி ஆ கயா!"

"ஜலேபி நஹி பையா, தமிழ்" என்று அம்மாவும் ஒவ்வொரு முறையும் திருத்துவார். ஒருமுறை கட்டு முழுவதும் மலையாளமாக இருந்தது. இன்னொரு முறை யாரோ ஒருவர் வீட்டுத் தெலுங்குச் சமையல் புத்தகங்கள். அம்மா முகம் சுளிக்காமல் வாங்கி வந்து, அந்தந்த மொழிக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அடுத்த முறை தமிழ் வரும்போது அவர் எடுத்து வைக்க மாட்டார் என்பது அம்மாவின் கணக்கு. இப்படித்தான் கப்பல் கதைகள் ஒவ்வொன்றாக அலமாரிக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் காலண்டர் அட்டை. ஆனால் நங்கூரக் கயிற்றில் நின்ற அந்தக் கதையின் முடிவு மட்டும் எதிலும் இல்லை. பெயர் தெரியாத புத்தகத்தை யாரிடம் கேட்பது? ஊரிலிருந்து யார் வந்தாலும் அம்மா கதையைச் சொல்லிக் கேட்பார். கேட்டவர்களில் பலர், ஏதோ புராணக் கதை கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்ள மருத்துவமனைக்குப் போனோம். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவள் திரும்பும் நேரத்துக்குள் நாங்கள் வந்துவிட முடியுமா என்ற கவலையோடு ஒவ்வொரு முறையும் கிளம்புவேன். அம்மாவுக்குக் கவலை இல்லை. கையில் ஊசி ஏறியதும், "எடு, கப்பல" என்பார். நான் படிப்பேன். அடுத்த படுக்கைக்காரர்கள், மகள் அம்மாவுக்குத் தோத்திரம் படிக்கிறாள் என்று கை கூப்பினார்கள். முருகன் அட்டை அங்கேயும் தன் வேலையைச் செய்தது.

அந்தக் கதையின் முடிவை எப்படியாவது தேடிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பதற்றம் வந்தது. பழைய நாவல்கள் படிப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில், பெயர் தெரியாத அந்தக் கதையை முழுவதும் எழுதினேன். பலர் பல பெயர்களைச் சொன்னார்கள். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் காரைக்குடியிலிருந்து ஓர் அம்மையார் பதில் எழுதினார். அவர் தாயார் அதைத் தொடர்கதையாக வந்தபோதே வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தாராம். கடைசி அத்தியாயத்தைப் படம் எடுத்து அனுப்பினார்.

கதையின் பெயரும் எழுதியவரின் பெயரும் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. அந்த முடிவைப் பற்றி அம்மா சொன்னதை எழுதப் போகிறேன், எழுதியவர் பெயரைப் போட்டுவிட்டு அப்படி எழுதுவது மரியாதை இல்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் கைப்பேசியில் படித்து முடித்தேன். அழுகிறாரோ என்று பார்த்தேன்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"அந்தப் புள்ள எறங்கிட்டா?"

"எறங்கிட்டா. பல்லக்குல ஏறி அரண்மனைக்குப் போறா. ஊரே பூப்போடுது."

"கப்பல யாரு பாக்குறா?"

"அத எழுதல."

"எழுதலையா?" அம்மா கண்ணைத் திறந்தார். "அம்புட்டு ஆளுக அவள நம்பி ஏறுனாகளே, அவுகளுக்கு என்ன பதிலு? சரக்க யாரு எறக்குனா? அப்பன் கப்பல அப்படியே விட்டுட்டுப் பல்லக்குல ஏறிருவாளாக்கும். இதுக்கா நான் இத்தன காலம் தேடுனேன்?"

தேடித் தந்தது தவறோ என்று எனக்குத் தோன்றியது. வேறு ஏதாவது படிக்கட்டுமா என்று கேட்டேன்.

"இதையே படி. மாத்திப் படி."

"அச்சுல இருக்கிறதத்தானம்மா படிக்க முடியும்?"

"நான் சொல்றேன். நீ படி."

அன்று தொடங்கி, டயாலிசிஸ் போகும்போதெல்லாம் அம்மா அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தாமே சொன்னார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருத்தினார். காற்றின் திசையை மாற்றினார். இளவரசனின் பேச்சைக் குறைத்தார். சரக்கு யாருக்குப் போகிறது என்பதை விவரமாகச் சேர்த்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. பத்து மாதங்கள் அப்படிப் போயின. பிறகு ஒரு காலைப் பொழுதில், வீட்டில், அதிகத் துன்பமில்லாமல் அம்மா இயற்கை எய்தினார்.

இந்த மலருக்கான வேலை தொடங்கியதும் பெரியப்பா வழக்கம்போல் பாடல்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார். நான் எழுதியதைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"என்னம்மா இது, கப்பலுங்குற, காதலுங்குற. நாலு பேரு படிக்கிறது."

"நாலு பேரு படிக்கத்தான் பெரியப்பா எழுதியிருக்கேன்."

"ஒங்கம்மாவ நான் அறியாதவனா? வெளக்கு வச்சா புத்தகமும் கையுமா இருக்கும். பாராயணம் பண்ணுன புத்தகத்த நானே எடுத்துக் கண்ணுல ஒத்தியிருக்கேன்."

இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பிறகு அலமாரியிலிருந்து அதே புத்தகத்தை எடுத்து வந்து, அட்டையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து படித்தார். இளவரசன் மிளகு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வரும் இடம்.

"அப்ப, நான் கண்ணுல ஒத்துனது..."

"முருகன் படத்தத்தான் பெரியப்பா. அது சாமிதான்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கத்தையும் புரட்டினார். என் மகள் வந்து, "தாத்தா, கஹானி சுனாவோ" என்று கதை கேட்டு அவர் மடியைப் பிடித்து இழுத்தாள். நான் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வரும்வரை அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

"பாட்டும் போடுவோம், கதையும் போடுவோம். ஒங்கம்மாவுக்கு ரெண்டும்தான்னு இருக்கட்டுமே" என்றார்.

எனக்கு அங்கேயே தலையாட்டிவிடலாம் என்று இருந்தது. வாழ்நாள் முழுவதும் பெரியவர்கள் சொல்லுக்குத் தலையாட்டியே பழகியவள் நான். அம்மாவிடம் இல்லாத பழக்கம் அது.

"இல்ல பெரியப்பா. அம்மா படிச்சதப் போடுறதுதான வழக்கம். அம்மா படிச்சது இது."

"பிடிவாதம் அப்படியே அவளாட்டம்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். கிளம்பும்போது, "அச்சடிச்சுக்க. எம் பேர மட்டும் போட்றாத" என்றார். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆகவே, இம்மலர் வெளிவர உதவியும் பெயர் வேண்டாம் என்றவருக்கு முதல் நன்றி. அம்மாவுக்கு முதல் வேலை நாளில் நாற்காலி தந்த பக்கத்துப் பிரிவுத் தோழிகளுக்கும், நான் மருத்துவமனையில் இருந்த நாள்களில் என் மகளுக்குச் சோறூட்டிய எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்தாருக்கும், இன்றுவரை வட்ட எழுத்தைக் கண்டால் எடுத்து வைக்கும் ரத்திக் கடை பையாவுக்கும், முகம் அறியாத எனக்குக் கதையின் முடிவை அனுப்பிய காரைக்குடி அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அந்த முடிவை அம்மா ஏற்கவில்லை என்பதை அவருக்கு அப்போதே எழுதினேன். தம் தாயாரும் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்ததாகப் பதில் எழுதினார்.

நிறைவாக, டயாலிசிஸ் பிரிவில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மலையாளச் செவிலியருக்கு. அங்கே நான் படிப்பது தோத்திரம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். தமிழ் அரைகுறையாகப் புரியும், ஆனாலும் அம்மா முடிவைச் சொல்லும் நேரத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அம்மா மருத்துவமனைக்குப் போன கடைசி நாளிலும் நின்றார். அன்று அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. விட்டு விட்டுத்தான் சொன்னார். துறைமுகம் தெரிகிறது. மிளகு மூட்டைகளைப் படகுகளில் இறக்கிக் கணக்கை ஒப்படைத்தாகிவிட்டது. படகில் இறங்கி நின்றுகொண்டு இளவரசன், வா, என் அரசியாக வா என்கிறான். அவள் நங்கூரக் கயிற்றை இழுக்கிறாள்.

"ராச்சியம் வேணும்னா நீ போ. நான் வேணும்னா நீ ஏறு. காத்து மாறப் போகுது, வெரசாச் சொல்லு."

அம்மா அதோடு நிறுத்திக்கொண்டார். செவிலியர் ஊசியைக் கழற்றிக்கொண்டே, பிறகு என்ன ஆனது என்று தம் மலையாளத்தில் கேட்டார்.

"என்னிட்டு? அவன் ஏறியோ அம்மே?"

அம்மா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவரைப் பார்த்தார்.

"அவன் ஏறுனா என்ன, ஏறாட்டி என்ன. கப்பலு கெளம்பிருச்சு."